வெயில் காலத்து ராத்திரிக்கு மசாலா தடவிச் சுட்ட பன்றிக்கறி

வெயில் காலத்தில் சாயங்காலம் அடுப்படிக்குள் நுழைய எனக்கு மனசே வராது. பகல் முழுக்கச் சூடேறிக் கிடக்கும் வீட்டுக்குள் இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பை எரியவிட்டு நிற்பதற்கு, வெளியே கிரில்லைப் பற்றவைத்து, கறியை அதில் போட்டு, பேசிக்கொண்டே திருப்பிப் போட்டு எடுத்துச் சாப்பிட்டுவிடலாமே என்று ஆரம்பித்த பழக்கம் இது. கோழி, மீன் எல்லாம் சுட்டாயிற்று. ஆனால் வேலை குறைவு, ருசி அதிகம் என்று கணக்குப் போட்டால் மசாலா தடவிய பன்றிக்கறிக்குத்தான் என்னிடம் முதலிடம். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கேட்பது "மசாலாவில் என்ன போட்டாய்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கட்சி. மசாலா சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம், தீயும் உள்சூடும் தவறினால் எந்த மசாலாவும் காப்பாற்றாது.

கறி வாங்கும்போதே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. முதுகெலும்பின் உள்பக்கமாக நீளமாக, ஒல்லியாக இருக்குமே டெண்டர்லாயின், அதுதான் அவசர ராத்திரிகளுக்கு ஏற்றது. ஒரு துண்டு ஏறக்குறைய அரை கிலோ வரும், தீயில் வைத்தால் இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தயார். ஒரே தொல்லை, கொழுப்பே கிடையாது, கொஞ்சம் அசந்தாலும் சக்கை. எலும்போடு வெட்டிய சாப்ஸ் வாங்குவதானால் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத கனத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லிய சாப்ஸ் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் மேல்பக்கம் சிவக்கும் நேரத்துக்குள் உள்ளே வெந்து முடிந்து காய ஆரம்பித்துவிடும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கழுத்துப் பக்கத்திலிருந்து வெட்டிய துண்டு. கறிக்குள்ளேயே கொழுப்பு இழை இழையாக ஓடுவதால் சூடு சில டிகிரி கூடினாலும் மன்னித்துவிடும். வயிற்றுக் கொழுப்புப் பகுதி ருசிதான், ஆனால் கொழுப்பு உருகிக் கரியில் சொட்டிச் சொட்டித் தீப்பிடித்துக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். விலா எலும்பு, முழுத் தோள்பட்டை இதெல்லாம் வேறு கதை. அவற்றில் இருக்கும் கொலாஜன், அதாவது தசையைப் பிணைத்திருக்கும் கெட்டியான புரதம், கரைந்து கறி பூப்போல ஆக உள்சூடு 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போக வேண்டும், அதுவும் மெதுவாக, மணிக்கணக்கில். லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

டெண்டர்லாயின் என்றால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் வெள்ளி மாதிரிப் பளபளவென்று ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அது எவ்வளவு சுட்டாலும் கரையாது, சுருங்கிக் கறியையே வளைத்துவிடும், வாயில் ரப்பராக மாட்டும். கத்தி முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து ஒரு நுனியைத் தூக்கிவிட்டு, அந்த நுனியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியின் கூரை லேசாக மேல்நோக்கிச் சாய்த்து நகர்த்தினால் நீள நீளமாக உரிந்து வரும். கத்தியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சவ்வோடு நல்ல கறியும் போய்விடும். இரண்டு நிமிட வேலை. கடையில் கேட்டால் சிலர் உரித்தே தருவார்கள்.

அடுத்தது உப்பு. இதை மசாலாவோடு சேர்த்துப் பேசாமல் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மசாலாவில் கறிக்குள் ஆழமாக இறங்குவது ஏறக்குறைய உப்பு ஒன்றுதான். சீரகம், மிளகு, மிளகாய் எல்லாம் எத்தனை மணி நேரம் ஊறினாலும் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். உப்பு தடவிய கொஞ்ச நேரத்தில் கறியிலிருந்து தண்ணீர் கசிந்து மேலே முத்து முத்தாக நிற்கும். அப்படியே விட்டுவைத்தால் அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்து, முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் மெல்ல உள்ளே திரும்பப் போகும். போன உப்பு கறியின் புரதத்தைக் கொஞ்சம் இளக்கிவிடுவதால் சுடும்போது சாறு அவ்வளவாக வெளியேறாது. ஆகவே காலையிலேயே தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் நேரமில்லை என்றால், அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்னால் தடவுங்கள். இரண்டுக்கும் நடுவில், பத்து இருபது நிமிடம் முன்னால் தடவுவதுதான் மோசம், சரியாகத் தண்ணீர் மேலே நிற்கும் நேரத்தில் கறி தீக்குப் போகும், சிவக்காமல் வெந்துகொண்டிருக்கும். சில பாக்கெட் கறியில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள், லேபிளைப் பார்த்துவிட்டு உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மசாலா. ஒரு கிலோ கறிக்கு நான் போடுவதைச் சொல்கிறேன், இதுதான் வேதம் என்று இல்லை. மேலே சொன்ன உப்பு, தூள் உப்பாக 2 தேக்கரண்டி, அதாவது 12 கிராம் சுமார். சீரகம் 2 தேக்கரண்டி, மல்லி 1 மேசைக்கரண்டி, இரண்டையும் வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து ஆறவைத்து மிளகு 2 தேக்கரண்டி சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்வேன். அதில் காரம் குறைந்து நிறம் கூடிய மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, பூண்டுப் பொடி 1 தேக்கரண்டி, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை 1 மேசைக்கரண்டி. பன்றிக்கறிக்கு லேசான இனிப்பு அவ்வளவு பொருந்தும், அதனால் சர்க்கரையை விட்டுவிடாதீர்கள். ஆனால் கூட்டவும் கூட்டாதீர்கள். சர்க்கரை 170 டிகிரி சுமாரிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும், கனன்று எரியும் கரிக்கு நேர் மேலே சூடு அதைவிட மிக அதிகம். ருசிக்காகச் சேர்த்த சர்க்கரைதான் கசப்புக்கும் காரணமாகும். மிளகாய்த்தூளும் அப்படித்தான், கருகினால் தொண்டையில் நிற்கும்.

ஈர மசாலாவில் கை பழகியவர்களுக்குப் பச்சை இஞ்சி பூண்டு விழுதை அள்ளிப் போடத் தோன்றும். குழம்புக்கு அது சரி. நேர்த்தீயில் சுடும் கறிக்கு விழுது ஒரு ஈரப் போர்வை, மேல்பக்கத்தைக் காயவிடாது, காய்ந்ததும் நேராகக் கருகலுக்குப் போய்விடும். கறி சிவந்து அந்தச் சுட்ட வாசனை வருவதற்கு ஒரு வேதிவினை காரணம், 1912-இல் அதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் பேரில்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அது சுறுசுறுப்பாக நடக்க மேற்பரப்பில் 140 டிகிரியாவது வேண்டும். ஈரம் நிற்கும் வரை மேற்பரப்பு 100-ஐத் தாண்டாது, இருக்கிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். அதனால்தான் பொடி மசாலா, அதனால்தான் தடவுவதற்கு முன் தாளால் ஒற்றி எடுப்பது, ஃபிரிட்ஜில் மூடாமல் வைப்பதும் அதற்காகவே. மூடாமல் வைக்கும்போது கறி கீழ்த்தட்டில் இருக்கட்டும், மற்ற சாப்பாட்டின் மேல் சொட்டக் கூடாது. எலுமிச்சைச் சாறு, வினிகர் பிடிக்குமென்றால் சுட்டு எடுத்த பிறகு பிழிந்துகொள்ளலாம். புளிப்பில் மணிக்கணக்காக ஊறிய கறியின் மேல்பக்கம் மாவு மாதிரி ஆகிவிடுகிறது, எனக்கு அது பிடிப்பதில்லை.

தடவும்போது ஒரு கை கறிக்கு, ஒரு கை மசாலாவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கறி தொட்ட கையை மசாலா டப்பாவுக்குள் விட்டால் மிச்ச மசாலா முழுக்க வீண். தேவையான அளவைச் சின்னக் கிண்ணத்தில் தனியே எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைத் தயங்காமல் கொட்டிவிடுவது உத்தமம்.

இனித் தீ. கரியைக் கிரில் முழுக்கப் பரப்புவதுதான் பலரும் செய்வது. கறி ஒரு பக்கம் கருகும்போது அதை நகர்த்திவைக்க இடமே இருக்காது. கரியை எல்லாம் ஒரு பாதியில் ஒதுக்கிவிட்டு மறு பாதியைக் காலியாக விடுங்கள். கரி இருக்கும் பக்கம் சிவக்கவைக்க, காலிப் பக்கம் உள்ளே வேகவைக்க. கேஸ் கிரில் என்றால் ஒரு பக்க பர்னரை அணைத்துவிட்டால் அதே கதைதான். இதைப் பழகிய பிறகு கிரில் பக்கத்தில் பதற்றமே இருக்காது. கொழுப்பு சொட்டித் தீ பொங்கினால் கறியைக் காலிப் பக்கத்துக்கு இழுத்துவிட்டு மூடியைப் போட்டால் போதும், காற்று குறைந்து தானே அடங்கும். கொழுப்புத் தீயில் தண்ணீர் தெளிக்கப் போகாதீர்கள், சாம்பலும் கொதிக்கும் கொழுப்பும் மேலே தெறிக்கும்.

கரி பற்றியதும் கறியை வைக்க அவசரம் வேண்டாம். நல்ல கரி நீறு பூத்து, மேலே சாம்பல் படர்ந்து, உள்ளே மட்டும் சிவந்து கனலும் நிலைக்கு வர 15, 20 நிமிடம் பிடிக்கும். சூடு சரியா என்று பார்க்க, கம்பிக்கு மேலே ஒரு சாணுக்குக் குறைவான உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் கையை இழுக்கத் தோன்றினால் அது கடும் சூடு, ஐந்தாறு விநாடி தாக்குப்பிடித்தால் நடுத்தரம். கம்பியைச் சுரண்டித் துடைத்துவிட்டு எண்ணெயைக் கறியில் லேசாகத் தடவுங்கள், கம்பியில் ஊற்றினால் நெருப்பில்தான் சொட்டும். கறியைக் கம்பியில் வைத்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையா, எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வைத்த உடனே திருப்பப் பார்த்தால் கம்பியோடு ஒட்டிக்கொண்டு மசாலா உரிந்து வரும். மேலோடு இறுகியதும் கறி தானே கம்பியை விட்டுக்கொடுக்கும்.

டெண்டர்லாயினை நான் கரிக்கு மேலே பக்கத்துக்கு இரண்டு நிமிடம் உருட்டி உருட்டிச் சிவக்கவிட்டு, பிறகு காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடிவிடுவேன். அங்கே பத்துப் பதினைந்து நிமிடம். கனத்த சாப்ஸும் அதே முறைதான். மூடியை நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும், திறக்கும்போதெல்லாம் சூடு போய் நேரம் நீளும். இந்த நிமிடக் கணக்கெல்லாம் ஒரு உத்தேசம்தான். காற்று அடித்தால் மாறும், கறியின் கனம் மாறினால் மாறும். நிமிடத்தை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் போதும், கிரில்லுக்கு மேல் செலவழிக்கும் மற்ற சாமான் எதற்கும் அவ்வளவு பலன் கிடையாது. மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில், கனமான இடத்தின் நடு வரை, எலும்பில் படாமல் குத்த வேண்டும். சந்தேகம் வந்தால் ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள், பூஜ்யம் காட்டினால் அது சரியாக வேலை செய்கிறது.

ஒரு தரம் மாமா வந்திருந்தார். கறியை வெட்டித் தட்டில் வைத்ததும் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். நடுவில் லேசான ரோஸ் நிறம். "என்ன மாப்பிள்ளை, உள்ளே இன்னும் சிவப்பா இருக்கே, வேகலையே?" என்றார். வெந்துவிட்டது மாமா, அளந்துதான் எடுத்தேன் என்றேன். "பன்னிக்கறி வெள்ளையாகிற வரைக்கும் விடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க" என்று தன் பங்கைத் திரும்பக் கம்பியில் போட்டுவிட்டார். அதை எடுத்து வந்து இரண்டு வாய் மென்றார், தண்ணீர் குடித்தார், ஒன்றும் சொல்லாமல் என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

மாமாவின் அம்மா சொன்னதில் தப்பில்லை. அந்தக் காலத்துப் பயத்துக்கு டிரிக்கினெல்லா என்ற புழு காரணம். தீவனத்தைக் கட்டுப்படுத்திப் பண்ணையில் அடைத்து வளர்க்கும் பன்றிகளில் இப்போது அது மிகவும் அரிது, அதுவும் 60 டிகிரி தாண்டினால் தாக்குப்பிடிக்காது. அமெரிக்க வேளாண் துறை 2011-இல் பன்றியின் முழுத் துண்டுகளுக்கான உள்சூட்டை 71 டிகிரியிலிருந்து 63 டிகிரிக்குக் குறைத்தது, அதோடு எடுத்த பிறகு மூன்று நிமிடமாவது அப்படியே விட வேண்டும் என்பது விதி. இந்த எட்டு டிகிரியில்தான் சாறும் சக்கையும் பிரிகின்றன. நான் 63 காட்டியதும் எடுத்துவிடுவேன், தட்டில் இருக்கும்போதே இன்னும் இரண்டு மூன்று டிகிரி தானாக ஏறும். கழுத்துக் கறியை மட்டும் 70 வரை விடுவேன், கொழுப்பு கொஞ்சம் இளகினால்தான் அது நன்றாக இருக்கும்.

ஆனால் ரோஸ் நிறம் எல்லாக் கறிக்கும் பொருந்தாது. கொத்துக்கறிக்கு 71 கட்டாயம், ஏனென்றால் மேலே இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே போய்விடுகிறது. காட்டுப்பன்றிக்கும் 71 வேண்டும். தெருவில் அலைந்து கண்டதையும் தின்று வளர்ந்த பன்றி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கறி என்றாலும் நான் 71-க்கு மேலேதான் போவேன், அங்கே சாறைப் பற்றிப் பேச்சே இல்லை. நிறத்தை மட்டும் வைத்து வெந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 63 தாண்டியும் ரோஸாக இருக்கும் கறி உண்டு, வெளுத்தும் சூடு போதாத கறியும் உண்டு.

எடுத்த கறியைப் பச்சைக் கறி கொண்டுவந்த தட்டிலேயே வைப்பதுதான் கிரில் பக்கத்தில் நடக்கும் மிகச் சாதாரணமான கோளாறு, கையில் இருக்கும் தட்டு அது ஒன்றுதானே. வரும்போதே இரண்டாவது தட்டையும் இடுக்கியையும் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆறவிட்டு, நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். கழுத்துக் கறியில் நார் திசை மாறி மாறிப் போகும், துண்டைத் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டியிருக்கும்.

கறி ஆறும் அந்த நேரத்தில் கரி சும்மா எரிந்துகொண்டிருக்கும். வட்டமாக வெட்டிய வெங்காயம், சோளம், அன்னாசித் துண்டு எதையாவது அதன்மேல் போட்டுவிடுவேன். அன்னாசியின் இனிப்பும் புளிப்பும் கறியின் காரத்துக்குச் சரியான ஜோடி. தனியாகச் சாஸ் என்று ஒன்று செய்து மெனக்கெட எனக்குத் தோன்றியதே இல்லை. ஆசைப்பட்டால் செய்யுங்கள், ஆனால் இனிப்புச் சாஸைக் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மட்டும் பூசுங்கள், முன்பே பூசினால் கருகும்.

வெளியே கிரில் வைக்க இடமில்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் சிவக்கவைத்து, 180 டிகிரி ஓவனில் முடித்துக்கொள்ளலாம், கறி நன்றாகவே வரும். சன்னலை எல்லாம் முதலிலேயே திறந்துவையுங்கள். மிளகாய்த்தூள் சூடான இரும்பில் பட்டதும் கிளம்பும் நெடி இருக்கிறதே, வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் இருமிக்கொண்டே வெளியே வந்து நிற்பார்கள், கோடைக்கு அடுப்படியிலிருந்து தப்பிக்கலாம் என்ற திட்டமே அதோடு முடிந்தது. மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனிக்குள்ளோ, கார் நிறுத்தும் அறைக்குள்ளோ கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தெரியாமலேயே ஆளைச் சாய்த்துவிடும். சமையல் முடிந்த பிறகும் அணைந்த மாதிரித் தெரியும் கரி மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், சாம்பலை மறுநாள் கொட்டிக்கொள்ளலாம்.

பேச்சு சுவாரஸ்யத்தில் மிச்சக் கறி மேசையிலேயே கிடந்துவிடும், கோடையில் அது கூடாது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் வரை பரவாயில்லை, வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். உள்ளே மூன்று நான்கு நாள் தாங்கும். அதைத் திரும்ப முழுத் துண்டாகச் சூடாக்கினால் பாடுபட்டுக் காப்பாற்றிய சாறெல்லாம் போய்விடும். சில்லென்று இருக்கும்போதே காகித மெல்லிசாக வெட்டிக்கொண்டு, ரொட்டிக்குள் வெங்காயத்தோடு வைத்துச் சாப்பிடலாம், இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் சூடான சாதத்தில் கிளறிவிடலாம். அதற்காகவே நான் எப்போதும் ஒரு துண்டு கூடுதலாகச் சுடுவேன்.